பக்கவாசல் வழியாகச் சொல்வது: விலக்குகளும் கற்பனையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. "இதையெல்லாம் எழுதலாமா?" என்று தயக்கத்தோடுதான் பேச்சு தொடங்கும். அப்புறம் மாமியார், மரணம், தணிக்கை என்று எங்கெங்கோ போய் நிற்கும். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் மூச்சு மிஞ்சும் என்று தோன்றியது.

விலக்கு என்றால் சரியாக என்ன? அசிங்கமான விஷயத்துக்கு நாகரிகமான பெயரா?

இல்லை. விலக்குக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'டாபூ' என்ற சொல் வந்த வழியைப் பார்த்தாலே இது புரியும். 1777-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலின் டோங்கா தீவுகளில் இருந்தபோது, எதைத் தொடக்கூடாது, யார் எதைச் சாப்பிடக்கூடாது என்ற எல்லாவற்றுக்கும் மக்கள் இந்த ஒரே சொல்லைச் சொன்னதைக் குறித்துக்கொண்டார். ஆங்கிலத்துக்குச் சொல் போனது அப்படித்தான். பாலினேசிய மொழிகளில் அதற்குப் புனிதம் என்றும் பொருள், தடை என்றும் பொருள். பிணமும் டாபூ, தலைவனின் தலையும் டாபூ. நாம் தனித்தனி அலமாரியில் வைத்திருப்பவை அங்கே ஒரே பெட்டிக்குள் கிடந்தன.

மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய நூலில் அழுக்கைப் பற்றி ஒன்று சொன்னார். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பொருளுக்குத்தான் நாம் அழுக்கு என்று பெயர் வைக்கிறோம். செருப்பு தரையில் இருக்கும்வரை செருப்பு, சாப்பாட்டு மேஜைமேல் ஏறினால் அழுக்கு. பேச்சில் வரும் விலக்கும் இதே கதைதான். காமம், சாவு, கழிவு, கடவுள், பணம் எதுவுமே முழுக்கத் தடை செய்யப்பட்டதில்லை. யார், யாரிடம், எந்த இடத்தில், எந்தக் குரலில் என்பதில்தான் தடை. முன்வாசலைச் சாத்திய மரபு பெரும்பாலும் எங்கோ ஒரு பக்கவாசலைத் திறந்து வைத்திருக்கும். எனக்குச் சுவாரசியம் அந்தப் பக்கவாசலில்.

சொல்லத் தடை போட்டால் மொழி வறண்டுதானே போகும்?

வறண்டு போவதும் உண்டு. ஆனால் பல இடங்களில் நடந்தது வேறு.

கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் ருக்ஷ, கிரேக்கத்தில் ஆர்க்டோஸ், இலத்தீனில் உர்சுஸ். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் கரடி நிஜமாகவே எதிரே வந்து நிற்கக்கூடிய வடக்குக் காடுகளில் பேசிய மொழிகளில் அந்த வேரைக் காணோம். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டார்கள் என்பது மொழியியலாளர் பலரின் விளக்கம். ரஷ்யருக்கு அது 'மெட்வெத்', அதாவது தேன் தின்பவன். ஆங்கிலத்தின் 'பேர்' பழுப்பு நிறத்தவன் என்ற பொருளில் பிறந்தது என்பார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் 'தேன் பாதம்' என்று செல்லமாகவே கூப்பிட்டார்கள். எல்லாம் பயத்தில் வைத்த பெயர்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கரடியை உற்றுப் பார்த்திருக்கிறார்.

ஜப்பானில் இசே கோயில் சேவைக்கு அனுப்பப்படும் இளவரசியின் மாளிகையில் பௌத்தம், சாவு, இரத்தம் தொடர்பான சொற்களுக்குத் தடை இருந்தது. 927-இல் தொகுத்து முடித்த 'எங்கிஷிகி' என்ற சட்டத் தொகுப்பில் மாற்றுச் சொற்களுக்குப் பட்டியலே உண்டு. சாவதற்குக் 'குணமாதல்'. இரத்தத்துக்கு 'வியர்வை'. கல்லறைக்கு 'மண்கட்டி'. மொட்டைத் தலைப் பிக்குவுக்கு 'நீளமுடி'. கடைசிச் சொல்லைப் பட்டியலில் சேர்த்த அதிகாரி சிரிக்காமல் எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தமிழ் இலக்கணமும் இதை விட்டுவைக்கவில்லை. அவையில் சொல்லத்தகாத சொல்லை 'அவையல் கிளவி' என்று பெயரிட்டு, மறைத்துச் சொல்லும்படி தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் அதைத் தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று பிரித்து வைக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது எல்லாம் மங்கலம். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்று உறைக்கவில்லை. இவற்றை இலக்கணம் பிழை என்று தள்ளவில்லை, 'வழக்கு' என்று ஏற்றுக்கொண்டு உட்கார இடம் கொடுத்திருக்கிறது. மறைத்துப் பேசத் தெரிவதும் பேசத் தெரிவதில் சேர்த்தி என்று அந்த இலக்கணக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள்.

மாமியாரோடு பேசத் தனி மொழியே இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் மாமியா*ரோடு* பேச இல்லை, மாமியார் காதில் விழும்படி பேச. ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் டியிர்பால் மொழி பேசியவர்கள், மாமியார் போன்ற விலகியிருக்க வேண்டிய உறவினர் அருகில் இருந்தால் அன்றாடச் சொற்களைக் கைவிட்டு வேறு சொற்களுக்கு மாறினார்கள். அன்றாட நடைக்கு 'குவல்' என்றும் விலகல் நடைக்கு 'ஜல்ஙுய்' என்றும் பெயர். இலக்கணமும் ஒலிகளும் அதேதான், சொற்கள்தான் வேறு. ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் 1963 முதல் இதைப் பதிவு செய்தார்.

ஜல்ஙுயில் இருந்த சொற்கள் குவலில் இருந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்குதான். ஆகவே ஒரு சொல் பல சொற்களின் வேலையைச் செய்தாக வேண்டும். எந்தச் சொற்களை ஒரே கட்டாகக் கட்டலாம், தேவைப்பட்டால் எதைச் சேர்த்துப் பிரித்துக் காட்டலாம் என்ற கணக்குப் பேசுபவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அகராதி எழுதுபவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை அது. மருமகன் அதைப் பேச்சோடு பேச்சாகச் செய்துகொண்டிருந்தான். சொற்பொருளை ஆராய டிக்சனுக்கு இந்த விலகல் நடைதான் பெரிய திறவுகோலாக அமைந்தது.

தென்னாப்பிரிக்காவில் ஜுலு, கோசா மொழிகள் பேசுவோரிடம் 'ஹ்லோனிபா' என்ற மரபு உண்டு. மணமாகி வந்த பெண் மாமனார் பெயரில் உள்ள அசையைக்கூட உச்சரிக்கக்கூடாது. அந்த அசை வரும் சாதாரணச் சொற்களுக்கும் மாற்றுத் தேட வேண்டும். பக்கத்து மக்களின் கோய்சான் மொழிகளிலிருந்த நாக்குச் சொடுக்கு ஒலிகள் இந்த மொழிகளுக்குள் புகுந்ததற்கு இந்தத் தேடலும் ஒரு காரணம் என்று மொழியியலாளர் சிலர் விளக்குகிறார்கள். படித்தபோது வியப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு மொழியின் ஒலியையே மாற்றும் அளவுக்கு உழைப்பு, அத்தனையும் மருமகள் தலையில்.

நல்ல மாற்றுச் சொல் வைத்தாலும் அதுவும் கொஞ்ச நாளில் கூசத் தொடங்குகிறதே, ஏன்?

கறை சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது. சொல்லை மாற்றினால் கறை புதுச் சொல்லுக்கு நடந்து வந்துவிடும். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் இதை டிரெட்மில்லில் ஓடுவதற்கு ஒப்பிட்டார்.

டச்சுக்காரர் விட்டுப்போன கக்கூஸ் கூசியபோது கழிப்பறை வந்தது. அதுவும் கூசி டாய்லெட் ஆனது. பிரெஞ்சில் அந்தச் சொல்லின் தொடக்கம் வெறும் ஒரு துண்டுத் துணி. அடுத்து பாத்ரூம், இப்போது ரெஸ்ட்ரூம். ஓய்வெடுக்க அங்கே போனவர் யார் என்று தெரியவில்லை. இன்னும் பழைய உதாரணம் 'நாற்றம்'. சங்கப் பாட்டில் பூவுக்கு நாற்றம் உண்டு என்றால் அது மணம். இன்று ஒருவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

தடை இருந்தால் கற்பனை வளரும் என்பதற்கு ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் 'ஆம்' என்று ஒரே சொல்லில் முடியும் ஆய்வு எதுவும் இல்லை. அதுதான் அவற்றை நம்ப வைக்கிறது.

எமிலி கிம், வெரோனிகா செப்பன்ஃபெல்ட், டோவ் கோஹன் மூவரும் 2013-இல் வெளியிட்ட சோதனைகளில், ஆட்களுக்குள் ஒரு விலக்கப்பட்ட ஆசையைக் கிளப்பிவிட்டார்கள், அல்லது கோபத்தை அடக்கிவைக்கச் செய்தார்கள். அப்புறம் ஏதாவது படைக்கச் சொன்னார்கள். புராட்டஸ்டன்ட் பின்னணி கொண்டவர்களின் படைப்புகள் அந்த நிலையில் மேம்பட்டன. கத்தோலிக்க, யூதப் பின்னணி கொண்டவர்களிடம் அதே விளைவு தெரியவில்லை. அடக்கிவைத்த உணர்ச்சி ஒன்றுதான். ஆனால் 'இதை வேலையாக மாற்று' என்று சொல்லிக்கொடுத்த மரபில் அது வேலையாக மாறியது.

ஜாக் கொன்காலோவும் மூன்று ஆய்வாளர்களும் 2015-இல் இன்னொன்றைக் கண்டார்கள். புதிய யோசனைகளைச் சொல்லும் குழுக்களிடம், யார் மனதும் புண்படாதபடி பேச வேண்டும் என்ற விதியை முன்கூட்டியே நினைவூட்டினார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் யோசனைகள் கூடின. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற குழப்பம் நீங்கியதால் வாய் திறந்தது என்பது அவர்கள் விளக்கம். ஒரே பாலினத்தவர் இருந்த குழுக்களில் அதே விதி யோசனையைக் குறைத்தது!

அதே ஆண்டில் ராய் சுவா, யானிக் ரோத், ஜான்-பிரான்சுவா லெமுவான் இணையவழிப் படைப்புப் போட்டிகளின் தரவை அலசினார்கள். கட்டுப்பாடு இறுகிய பண்பாட்டிலிருந்து வருபவர்கள் அந்நிய நாட்டுக்கான போட்டிகளில் இறங்குவதும் வெல்வதும் குறைவு. சொந்த மண்ணுக்கோ அதற்கு நெருக்கமான மண்ணுக்கோ படைக்கும்போது அந்த இறுக்கம் அவ்வளவு தடையாக இல்லை. தன் வீட்டில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்று தெரிந்தவன் இருட்டிலும் நடப்பான்.

வெளிநாட்டில் வாழ்ந்தால் புதுமையாக யோசிக்க வருமாமே?

வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி 2009-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சொல்கிறது. கையில் மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறையக் குண்டூசி. மெழுகு கீழே சொட்டாமல் வர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தி அதையே தட்டாக்க வேண்டும் என்பது விடை. வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் இதைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். சுற்றுலா மட்டும் போய் வந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பெட்டி என்றால் குண்டூசி வைக்கத்தான் என்ற எண்ணமே ஒரு குட்டி மரபு. அதை உடைக்க ஓட்டல் அறை போதாது போலிருக்கிறது.

நேரில் வாய் திறக்காதவர்கள் பாட்டில் மட்டும் எப்படி எல்லாம் சொல்லிவிடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் எழுதலாம்.

லைலா அபு-லுகோத் என்ற மானிடவியலாளர் 1970-களின் கடைசியில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி என்ற பெதுவின் (பாலைவன அரபு) மக்களோடு தங்கினார். அங்கே மானத்துக்கு அழகு யாருக்கும் தலைகுனியாமல் இருப்பது. ஆசைப்பட்டேன், ஏங்கினேன், உடைந்துவிட்டேன் என்று சொல்வது தன்னைத் தானே தாழ்த்திக்கொள்வது. கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டால், "போகட்டும், எனக்கென்ன" என்பதுதான் மரியாதையான பேச்சு. அதே பெண், நெருங்கியவர்கள் மட்டும் இருக்கும்போது, பேச்சின் நடுவே 'கின்னாவா' என்ற ஒருவரிப் பாட்டைச் சொல்வாள். அதில் கண்ணீர், தூக்கமின்மை, விட்டுப்போனவன்மேல் தீராத ஆசை எல்லாம் இருக்கும். கேட்பவர்கள் திட்டுவதில்லை, நெகிழ்கிறார்கள். பேச்சில் சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும். பாட்டில் சொன்னதால் அவளுக்கு மதிப்புக் கூடுகிறது, ஏனென்றால் இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இவள் 'எனக்கென்ன' என்றாள் என்று கேட்பவர்களுக்குப் புரிகிறது. ஆண்களும் இதே பாட்டைத்தான் நாடினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, இரண்டில் ஒன்று பொய் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. கவிதைதான் 'உண்மையான' மனம், பேச்சு வெறும் முகமூடி என்று சொல்லிவிட நமக்குக் கை துறுதுறுக்கும். அபு-லுகோத் அந்த வலையில் விழவில்லை. இரண்டும் அந்தப் பெண்ணின் குரல்தான்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிப் பஷ்தூன் பெண்களின் 'லண்டை' என்ற குறும்பாட்டு இன்னொரு வழி. இரண்டே அடி, முதலடியில் 9 அசை, இரண்டாவதில் 13. கள்ளக்காதல், போர், தன்மேல் கட்டிவைக்கப்பட்ட கிழக் கணவன்மேல் கேலி என்று எதுவும் வரும். எழுதியவர் பெயர் இருக்காது. "நானா பாடினேன்? எல்லாரும் பாடுவதுதானே" என்று சொல்லிவிடலாம். பெயரில்லாமை அங்கே கவசம்.

சீனாவில் ஹூனான் மாகாணத்தின் ஜியாங்யோங் பகுதிப் பெண்கள் இன்னும் தள்ளிப் போய்த் தங்களுக்கென ஒரு எழுத்தையே வைத்திருந்தார்கள். நூஷு என்று பெயர். கல்யாணமாகிப் போகும் தோழிக்கு மூன்றாம் நாள் கொடுக்கும் துணி அட்டைப் புத்தகத்தில், பிரிவையும் பெண்ணாய்ப் பிறந்த வருத்தத்தையும் அந்த எழுத்தில் எழுதித் தந்தார்கள். மரபாக அதைக் கற்றவர்களில் கடைசியானவராகக் கருதப்பட்ட யாங் ஹுவான்யி 2004-இல் காலமானார்.

மரணத்தைக் கேலி செய்வது அவமரியாதை இல்லையா?

ருமேனியாவின் மராமுரேஷ் பகுதியில் சபூன்ட்சா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே உள்ள இடுகாட்டுக்கு 'மகிழ்ச்சி இடுகாடு' என்றே பெயர். ஸ்டான் யோன் பட்ராஷ் என்ற மரச்சிற்பி 1935-இல் முதல் சிலுவையில் பாட்டு எழுதினார். 1977-இல் அவர் இறக்கும்வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். இப்போது 800-க்கும் மேற்பட்ட சிலுவைகள் நிற்கின்றன.

ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். ஓக் மரம், அடர்ந்த நீலப் பூச்சு, விளிம்பில் பூவேலை. நடுவில் இறந்தவர் உயிரோடு செய்துகொண்டிருந்த வேலை புடைப்புச் சிற்பமாக இருக்கும். நூல் நூற்கும் பெண், ஆடு மேய்ப்பவர், புட்டியோடு உட்கார்ந்திருக்கும் குடிகாரர். கீழே இறந்தவரே பேசுவதுபோல எளிய எதுகைப் பாட்டு. குடித்தே செத்தேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்வார். மாமியார் சிலுவை ஒன்று ரொம்பப் பிரபலம்: இன்னும் மூன்று நாள் அவள் இருந்திருந்தால் நான் இங்கே படுத்திருப்பேன், அவள் இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று உயிரோடிருப்பவர் சொல்லும் குரல் அதில்.

அவமரியாதையா என்றால், ஊரார் எல்லாருக்கும் தெரிந்த குடியை மறைத்து 'நற்குணசீலர்' என்று பொதுவாக எழுதுவதைவிட இது மரியாதை என்பேன். அந்த மனிதரை அடையாளம் தெரிகிறது.

யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாமா? மரபு எங்கே கோடு போடுகிறது?

உறவில் போடும் இடங்கள் உண்டு. மாலி நாட்டில் சில குலங்களுக்கு இடையே 'சினன்குன்யா' என்ற கேலி உறவு இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர் குடும்பப் பெயரைச் சொல்லிக்கொண்டதும், "நீ பீன்ஸ் தின்பவன், நீங்களெல்லாம் எங்கள் அடிமைகள்" என்று தொடங்கிவிடுவார்கள். கோபித்துக்கொள்ள அனுமதி இல்லை. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் இத்தகைய உறவுகளை அலசி, முட்டல் வரக்கூடிய இடத்தில்தான் கேலி கட்டாயமாக்கப்படுகிறது என்று காட்டினார். உரசலுக்குப் போட்ட எண்ணெய் மாதிரி.

நாளில் கோடு போடும் மரபுகளும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் 'முட்டாள்கள் திருவிழா' அன்று கடைநிலைப் பாதிரிகள் திருச்சபைச் சடங்குகளையே நையாண்டி செய்தார்கள். 1435-இல் பாசல் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அதைத் தடை செய்தது. அந்த ஒரு நாள் கேலிதான் மீதி நாள்களின் அடக்கத்தைத் தாங்கிப் பிடித்தது என்று அன்றே சிலர் வாதாடினார்கள்.

உருவம் வரையத் தடை இருந்ததால்தான் இஸ்லாமியக் கலையில் வடிவியல் வளர்ந்ததா?

பாதி உண்மை. வழிபாட்டு இடங்களில் உருவங்களைத் தவிர்த்ததால் கோடும் எழுத்தும் ஏறி உட்கார்ந்தன என்பது சரி. இஸ்பஹான் நகரின் தர்ப்-இ இமாம் கட்டடத்தில் 1453-இல் பதித்த ஓட்டு வேலைப்பாடு, திரும்ப வராத வடிவம் என்று 1970-களில் ரோஜர் பென்ரோஸ் என்ற அறிஞர் கணிதத்தில் காட்டியதற்கு மிக அருகில் வருகிறது என்று பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் 2007-இல் எழுதினார்கள்.

ஆனால் ஜோர்டானில் உமய்யா வம்சத்து இஸ்லாமிய ஆட்சியாளர்கள் 8-ஆம் நூற்றாண்டில் கட்டிய குசைர் அம்ரா மாளிகைச் சுவரில் குளிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பாரசீகச் சிற்றோவியங்களில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அங்கேயும் கேள்வி 'எங்கே' என்பதுதான்.

அப்படியானால் தணிக்கை கலைக்கு நல்லது என்கிறீர்களா?

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் சூடாகிவிடுகிறேன்.

ஹாலிவுட்டில் 1930-இல் எழுதி 1934 முதல் கறாராக நடைமுறைப்படுத்திய ஹேஸ் தணிக்கை விதிகள் 1968 வரை இருந்தன. அந்தக் காலத்து இயக்குநர்கள் மூடிய கதவையும் அலையையும் சுரங்கத்தில் நுழையும் ரயிலையும் வைத்துக் காமத்தைச் சொன்னதைப் புகழ்வார்கள். புகழட்டும். அதே விதிகளின் பேரில் வெள்ளையர் அல்லாதவரோடு வெள்ளையர் காதலைக் காட்டவும் தடை இருந்தது. 1937-இல் வெளியான, சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய ஒரு பெரிய படத்தில் கதாநாயகி வேடம் சீன வம்சாவளி அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்குக் கிடைக்கவில்லை. கணவன் வேடத்தில் வெள்ளை நடிகர் பால் மியூனி ஒப்பந்தமாகியிருந்தார். மனைவியாக ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் நடித்து ஆஸ்கர் வாங்கினார். ரயில் சுரங்கத்தைப் பாராட்டும் கட்டுரைகளில் அன்னா மே வாங் வருவதில்லை.

மரபின் விலக்குக்கும் தணிக்கைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கின்னாவாவின் பொருள் அங்கே எல்லாருக்கும் புரியும், புரிந்தும் விடுவார்கள். தணிக்கைக்காரருக்குப் புரிந்தால் அந்த வழியும் அடைபடும். ஸ்டாலின் காலத்தில் ஒரு நையாண்டித் துணுக்குச் சொன்னதற்காக முகாமுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மரபின் விலக்கே உயிரோடு விளையாடும் இடங்களும் உண்டு. மாதவிடாய், மனநோய், பாலியல் வன்முறை இவற்றில் அழகாகச் சுற்றி வளைத்துப் பேசினால், மருத்துவரிடம் போகவேண்டிய பெண்ணுக்குச் சொல்லத் தேவையான சொல்லே கையில் இருக்காது. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரத்தில் 'பீரியட்' என்ற சொல் முதன்முதலாக ஒலித்தது 1985-இல்தான். நாப்கின் விளம்பரங்களில் பல பத்தாண்டுகள் நீலத் திரவம்தான் ஊற்றினார்கள். பிரிட்டனில் ஒரு நிறுவனம் 2017-இல் சிவப்பை ஊற்றியபோது அது செய்தியானது. நீலத் திரவமும் ஒரு கற்பனைதான். எந்தப் பெண்ணுக்கும் உதவாத கற்பனை.

சமூக ஊடகங்களில் சாவு, தற்கொலைக்குப் பதில் 'அன்அலைவ்' (உயிரற்றதாதல்) என்றெல்லாம் எழுதுகிறார்களே, இதுவும் இடக்கரடக்கலா?

பார்க்க அப்படித்தான் இருக்கிறது, ஆனால் இங்கே கூச்சப்படுபவர் யாருமில்லை. கணினி பதிவை அமுக்கிவிடும் என்ற பயம் மட்டும் இருக்கிறது. 2024-இல் சியாட்டில் நகர அருங்காட்சியகம் ஒன்று பாடகர் கர்ட் கோபேனின் தற்கொலையைக் குறிக்க இதே சொல்லைப் பலகையில் எழுதி, எதிர்ப்பு வந்ததும் மாற்றியது. கரடிக்குத் தேன் பாதம் என்று பேர் வைத்தவன் கரடியைப் பார்த்தான். இந்தச் சொல்லை வைத்தவர் பார்த்தது திரையை.

எழுதுபவர் இதை வைத்து என்ன செய்யலாம்?

தடையைத் தானே போட்டுக்கொண்டு பார்க்கலாம். இது பழைய விளையாட்டுதான். தண்டி எழுதியதாகச் சொல்லப்படும் சமஸ்கிருதக் கதை நூலான தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் தன் கதையை உதடு ஒட்டும் ஒலி ஒன்றுகூட இல்லாமல் சொல்வான். முந்தின இரவு காதலி கடித்ததில் உதடு புண்ணாகியிருக்கிறதாம். சொல்லக்கூடாத சங்கதியே இலக்கண விதியாக வந்து நிற்கிறது! தமிழில் இதே வகை 'நிரோட்டகம்'. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் ஒரு அந்தாதியே பாடியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெரெக் 1969-இல், அந்த மொழியில் அதிகம் புழங்கும் உயிரெழுத்து ஒரு இடத்தில்கூட வராமல் ஒரு நாவல் எழுதினார். அந்த எழுத்தின் பெயரும் 'அவர்கள்' என்ற பொருளில் வரும் சொல்லும் பிரெஞ்சில் ஏறக்குறைய ஒரே ஒலி. அவருடைய அப்பா 1940-இல் போரில் இறந்தார், அம்மா 1943-இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அந்த நாவலில் காணாமல் போனது எழுத்து மட்டும்தானா என்று கேட்காதவர் இல்லை.

என் வகுப்பில் ஒருமுறை, சாவு நடந்த வீட்டை எழுதச் சொன்னேன். சாவு, இறப்பு, பிணம், அழுகை போன்ற சொற்கள் கூடாது என்று விதி. ஒருவர் எழுதியது இவ்வளவுதான்: போன் அடிக்கிறது. "அப்பா இருக்காரா?" பையன், "வெளியே போயிருக்கார்" என்று சொல்லி வைக்கிறான். மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, மடக்காமல், இருந்த இடத்திலேயே வைக்கிறான். அந்த 'மடக்காமல்' எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதே வகுப்பில் ஒரு பெண் வெறும் தாளைக் கொடுத்தார். "எங்கள் வீட்டில் பத்து வருஷமாக இந்தச் சொற்கள் இல்லாமல்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் சார். எனக்கு இன்று அந்தச் சொல் வேண்டும்" என்றார். நான் அடுத்த வாரத்திலிருந்து விதியை மாற்றிக்கொண்டேன். எந்தச் சொல் அவரவருக்குக் கைவசம் ரொம்ப எளிதாக வருகிறதோ அதைத்தான் விலக்க வேண்டும். சிலருக்கு அது 'அழுதாள்'. அவருக்கு அது மௌனம்.

இன்னொரு சமூகத்தின் விலக்கை நான் எழுதலாமா?

எழுதலாம். அதற்கு முன் அவர்களுடைய பக்கவாசல் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கதவே இல்லாத வீடு என்று நினைத்து எழுதுபவர்கள்தான் அதிகம் சொதப்புகிறார்கள்.

விலக்கு ஒழிந்துபோனால் அது உண்டாக்கியதும் போய்விடுமா?

விலக்கு சில சமயம் ஒரே நாளில் ஒழியும். ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது, பெண்கள் வாழைப்பழமும் பன்றிக்கறியும் தொடக்கூடாது என்ற 'கபூ' தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1819-இல் முதலாம் கமேஹமேஹா இறந்தார். சில மாதங்களில் புதிய அரசர் லிஹோலிஹோ பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். வானம் இடிந்து விழவில்லை. கபூ முடிந்தது.

அது மொழியில் விட்டுப்போகும் தடம் அப்படிச் சட்டென்று போவதில்லை. தஹிதி தீவில் அரசரின் பெயரிலுள்ள அசைகளைச் சாதாரணப் பேச்சில் சொல்லக்கூடாது என்ற மரபு இருந்தது. போமாரே என்பவர் அரசரானதும் 'போ', 'மாரே' இரண்டும் விலக்காயின. 'போ' என்றால் இரவு, 'மாரே' என்றால் இருமல். இரவுக்கு 'ருயி' என்றும் இருமலுக்கு 'ஹோட்டா' என்றும் மக்கள் மாறிக்கொண்டார்கள். அரசர்கள் போய்விட்டார்கள், மரபும் போய்விட்டது. 'போ' பேச்சுக்குத் திரும்பி வந்துவிட்டது. ருயியை இப்போது தஹிதி மொழி பைபிளில்தான் பார்க்கலாம். இருமல் வந்தால் மட்டும் தஹிதிக்காரர்கள் இன்றும் ஹோட்டா என்றுதான் சொல்கிறார்கள்.